வாசல் நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஜனகராஜ் வீட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அதன் மேல் ஒரு பழைய போர்வையை விரித்துவிடுவார்கள். சீட்டுக்கட்டு வரும். ஒரு தூக்குச்சட்டி நிறையச் சோழி வரும். மதுரை கே.கே. நகரில் அதே தெருவில் குடியிருக்கும் லூர்துராஜ், சர்ச்சுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து உட்காருவார். அவர் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட் கிளார்க்.

ஆட்டம் இருபத்தொன்று. ஆளுக்கு இரண்டு சீட்டு. இருபத்தொன்றைத் தாண்டாமல் அதற்கு எவ்வளவு பக்கத்தில் போய் நிற்க முடியுமோ அவ்வளவு நல்லது. போதாது என்று பட்டால் இன்னொரு சீட்டு கேட்டு வாங்கலாம், தாண்டினால் அவுட். படச் சீட்டெல்லாம் பத்து. சீட்டுப் போடுகிறவர்தான் பேங்க்; தன் ஒரு சீட்டைக் காட்டி மற்றதை மூடி வைத்திருப்பார், எல்லோரும் முடித்த பிறகு அதைத் திறப்பார். பதினேழு வரும்வரை அவர் எடுத்தே ஆக வேண்டும். அவர் அவுட்டானாலோ, அவருடையதைவிட நம்முடையது கூடுதலாக இருந்தாலோ சோழி நமக்கு, இல்லையென்றால் பேங்குக்கு. சோழிக்குக் காசு கிடையாது. ஆட்டம் முடிந்ததும் மறுபடி தூக்குச்சட்டிக்கே போய்விடும்.

பேங்க் எப்போதும் லூர்துராஜ்தான். வீட்டு ஆளே பேங்க் பிடித்தால் வீட்டுக்குள் ஒருத்தரை ஒருத்தர் தோற்கடிக்கிற மாதிரி ஆகிவிடும், அது குடும்பத்துக்கு ஆகாது என்பது ஜனகராஜின் கட்சி. லூர்துராஜுக்காகவே, மற்ற நேரமெல்லாம் சௌராஷ்டிரம் பேசுகிற அந்த வீடு சீட்டு மேசையில் மட்டும் தமிழ் பேசியது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. சீட்டு ஜனகராஜிடம் தொடங்கி, அவர் மனைவி வசுந்தரா, இளைய மகன் உமேஷ் என்று சுற்றிவந்து கடைசி நாற்காலியோடு முடியும். அதற்கடுத்து பேங்க். அதனால் அந்தக் கடைசி நாற்காலிக்கு வாசல் நாற்காலி என்று பெயர். வெளி ஆளுக்கு நல்ல சீட்டு போய்விடாமல் காப்பது அங்கே உட்காருகிறவர் பொறுப்பு. குடும்பத்துக்குக் கடைசியாக வந்தவர்தான் அதில் உட்கார வேண்டும். அதுவரை உமேஷ் உட்கார்ந்திருந்த அந்த நாற்காலியில், கல்யாணமாகி வந்த ஆறு மாதமாக மூத்த மகனின் மனைவி வித்யாஸ்ரீ உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஞாயிறு, பேங்க் இரண்டைக் காட்டிக்கொண்டிருந்தது. ஜனகராஜிடம் இருபது. வசுந்தராவிடம் பதினெட்டு, உமேஷிடம் பத்தொன்பது. வித்யாஸ்ரீயிடம் பன்னிரண்டு.

"ஒண்ணு குடுங்க சார்" என்றாள்.

ராஜா விழுந்தது. இருபத்திரண்டு, அவுட். லூர்துராஜ் தன் மூடிய சீட்டைத் திறந்தார், பத்து. ஆக பன்னிரண்டு. அடுத்த சீட்டை எடுத்தார். ஒன்பது. இருபத்தொன்று!

மேசையில் இருந்த சோழியெல்லாம் பேங்குக்குப் போயிற்று.

"அந்த ராஜா யாருக்கு வந்திருக்கணும்?" ஜனகராஜ் சத்தம் போடவில்லை. அதுதான் வித்யாஸ்ரீக்குப் பயமாக இருந்தது. "லூர்துக்கு. அவர் அவுட். மூணு பேரும் ஜெயிச்சிருப்போம். பேசாம இருந்திருந்தாப் போதும்."

"மூணு வாரமா இப்படித்தானே போகுது" என்றாள் வசுந்தரா, போர்வைச் சுருக்கத்தை நீவிக்கொண்டே. "நான் ஒண்ணும் சொல்லலப்பா. சிலருக்கு ராசி அப்படி."

ராசி என்ற அந்த ஒரு சொல் எங்கே போய் நிற்கும் என்று வித்யாஸ்ரீக்குத் தெரியும். அவளுடைய சின்னம்மாவுக்குக் கல்யாணமான புதிதில் ராசியில்லாத கை என்று யாரோ விளையாட்டாகச் சொன்னார்கள். இருபது வருடமாகியும் அந்த வீட்டில் எந்தப் புதுப் பானையிலும் சின்னம்மா முதலில் கைவைத்ததில்லை. சின்னம்மாவே எழுந்து விலகிப் போய்விடுவாள்.

அன்றைக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. விளக்குத்தூண் பக்கத்தில் இருக்கும் ஜனகராஜின் நூல் கடைக்குத் திருமங்கலத்தில் ஒரு கிளை போடுவதாகப் பேச்சு. கட்டடத்தின் சொந்தக்காரர் தவசி அன்று சாயங்காலம் பேசி முடித்துத் தாம்பூலம் வாங்க வீட்டுக்கு வருவதாக இருந்தார். கடையை வித்யாஸ்ரீ பார்த்துக்கொள்ளட்டும் என்று அவள் கணவன் வெங்கடேஷ்பாபு அப்பாவிடம் கேட்டு, அப்பாவும் பாதி மனதாகத் தலையாட்டியிருந்தார். அவன் கொள்முதலுக்கு ஈரோடு போயிருந்தான். மீதிப் பாதி மனது இந்த மேசையில் கிடந்தது.

ஜனகராஜ் சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் சொன்னார்: "திருமங்கலத்தை உமேஷே பாக்கட்டும்."

"எனக்கு எதுக்குப்பா நூல் கடை? நான் கம்ப்யூட்டர் படிக்கிறேன்" என்று உமேஷ் பதறினான். "நூல் சிட்டாவையும் பேல் மூட்டையையும் கட்டிக்கிட்டு அழவா?"

"சும்மா இருடா."

வித்யாஸ்ரீ தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? இதுக்கு முன்னாடி ஒரு ஆட்டத்துல நான் எடுத்ததுனாலதான் சார் அவுட்டானாரு. நான் எடுக்கலைன்னா அவருக்கு இருபது வந்திருக்கும்."

"எப்ப?"

"ஆமாப்பா" என்றான் உமேஷ். "நீங்ககூடச் சோழியை அள்ளிக்கிட்டு, 'பாத்தியாடா'ன்னு என் முதுகுல அடிச்சீங்களே. வலிச்சுச்சு."

"அது நம்ம நேரம், ஜெயிச்சோம்" என்றாள் வசுந்தரா. "அதுல இவ என்ன செஞ்சா?"

நல்லது தானாக நடக்கிறது, கெட்டது மட்டும் அவளால் நடக்கிறது. இதை எப்படி உடைப்பது? மதுரைக் கல்லூரி ஒன்றில் மூன்று வருடம் புள்ளியியல் படித்தவள் அவள். கவிழ்ந்து கிடக்கும் கட்டின் மேல் சீட்டும் அதற்கடுத்த சீட்டும் ஒன்றுதான், எதை யார் எடுத்தாலும் மற்றவருக்கு லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்று சொல்லிப் பார்க்கலாம். சொன்னால் படித்த திமிர் என்று முடிந்துவிடும். அதனால் வேறு விதமாகக் கேட்டாள்.

"எண்ணிப் பாத்துருவோமா மாமா? நான் சீட்டு எடுக்கிற ஒவ்வொரு தடவையும், எடுக்காம இருந்தா என்ன ஆகியிருக்கும்னு சாரே பாத்துச் சொல்லட்டும். என்னால உங்களுக்குக் கெடுதல்னா என் முன்னாடி கேரம் காய் கறுப்பு ஒண்ணு வைங்க. நல்லதுன்னா வெள்ளை. ரெண்டும் இல்லைன்னா ஒண்ணும் வேணாம்."

"இது நல்லா இருக்கே!" என்று உமேஷ் கேரம் காய் டப்பாவை எடுக்க ஓடினான்.

ஜனகராஜ் மருமகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. தவசி வர்ற வரைக்கும். கறுப்பு கூடுச்சுன்னா அப்புறம் நீயும் பேசக்கூடாது, உன் புருஷனும் பேசக்கூடாது."

"சரி மாமா."

சரி என்று வாய் சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஐந்நூறு ஆட்டம், ஆயிரம் ஆட்டம் எண்ணினால் கறுப்பும் வெள்ளையும் ஏறக்குறைய சமமாக வந்து நிற்கும். தவசி வருவதற்குள் நடக்கப்போவதோ இருபது ஆட்டம். அதில் அவள் சீட்டு எடுப்பது பாதி. அதிலும் பாதி எண்ணிக்கைக்கே வராது. நாலைந்து காயில் எது வேண்டுமானாலும் கூடலாம். காசைச் சுண்டிவிட்டால் தொடர்ந்து நாலு தரம் பூவே விழுவதில்லையா? எதை நம்பக்கூடாது என்று நிரூபிக்க வந்தாளோ அதன் கையிலேயே தன்னைப் பிடித்துக் கொடுத்திருந்தாள்.

லூர்துராஜ் கட்டைக் கலைத்தார். எதையும் ஒழுங்காகச் செய்கிற மனிதர். கலைப்பதிலும் ஒரு கணக்கு இருந்தது. "வெட்டுங்கண்ணே" என்று ஜனகராஜிடம் நீட்டினார்.

முதல் காய் கறுப்பு விழுந்தது. வசுந்தரா மூக்குத்தியைத் திருகிக்கொண்டாள். பிறகு இரண்டு ஆட்டம் எடுத்தும் எண்ணிக்கையில் வரவில்லை. அப்புறம் ஒரு வெள்ளை. வித்யாஸ்ரீ மூச்சு விட்டாள். விட்ட மூச்சு தீருமுன் அடுத்தடுத்து இரண்டு கறுப்பு.

கரண்ட் போனது. ஜன்னலைத் திறந்தார்கள், சித்திரை வெயில் உள்ளே வந்து மேசையில் படுத்துக்கொண்டது.

"அண்ணி, மூணுக்கு ஒண்ணு" என்றான் உமேஷ் தாழ்ந்த குரலில். விளையாட்டு அவன் முகத்திலிருந்தும் போயிருந்தது. திருமங்கலம் பஸ் அவனுக்கும் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆட்டத்தில் அவளிடம் பதினாறு. பேங்க் ஒன்பதைக் காட்டியது. எடுத்துத்தான் ஆக வேண்டிய கை. ஆனால் எடுக்காவிட்டால் காய் கிடையாது. இனி ஒவ்வொரு ஆட்டமும் 'போதும் சார், போதும் சார்' என்று சொல்லிக்கொண்டே இருந்தால், மூணுக்கு ஒண்ணு என்பது அதற்குமேல் கெடாது. கெடாது, ஆனால் மாறவும் மாறாது. அவள் விரல் சீட்டின் முனையிலேயே நின்றது.

"என்னம்மா, யோசனை பலமா இருக்கு?" என்றாள் வசுந்தரா. "பயமா இருந்தா விட்டுரு. யாரும் கட்டாயப்படுத்தல."

"குடுங்க சார்."

ஐந்து. இருபத்தொன்று! ஆறு மாதத்தில் அவளுக்கு விழுந்த மிக நல்ல கை. உமேஷ் மேசையைத் தட்டினான். லூர்துராஜ் தன் சீட்டைத் திறந்தார்: ஒன்பதும் ஐந்தும் பதினாலு. இன்னொன்று எடுத்தார். ஏழு. அவருக்கும் இருபத்தொன்று.

ஜனகராஜின் இருபது தோற்றது. லூர்துராஜ் வித்யாஸ்ரீயின் ஐந்தை எடுத்துத் தன் பதினாலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சொல்லவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது. "நீங்க எடுக்கலைன்னா எனக்குப் பத்தொம்பதுதாம்மா. அண்ணன் ஜெயிச்சிருப்பாரு."

வசுந்தராவே கையை நீட்டிக் கறுப்புக் காயை நகர்த்தி வைத்தாள். நாலுக்கு ஒண்ணு.

"இன்னும் என்னத்த எண்ணணும்?" என்றார் ஜனகராஜ். குரல் ஏறியிருந்தது. கழுத்தைத் துண்டால் துடைத்தார். "நல்லா விழுந்தாலும் எனக்குக் கெடுதல், கெட்டது விழுந்தாலும் கெடுதல். போடுங்க லூர்து. தவசி வரட்டும்."

கோபத்தோடு ஆடினார். அந்தக் கையில் அவருக்குப் பதினைந்து. பேங்க் ஆறைக் காட்டியது. அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவர் எடுத்திருக்க மாட்டார். "போடுங்க" என்றார். எட்டு. இருபத்து மூன்று, அவுட். வசுந்தரா பதினெட்டில் நின்றாள், உமேஷ் பத்தொன்பதில், வித்யாஸ்ரீ பதினேழில். யாரும் எடுக்கவில்லை.

லூர்துராஜ் மூடிய சீட்டைத் திறந்தார், ராணி. பதினாறு. இன்னொன்று எடுத்தார். நாலு. இருபது. மொத்தக் குடும்பமும் காலி.

மருமகளைப் பார்க்க எல்லோரும் திரும்பினார்கள். அவள்தான் சீட்டே எடுக்கவில்லையே. திரும்பிய தலைகளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை.

லூர்துராஜின் கை பழக்க தோஷத்தில் ஜனகராஜின் எட்டைத் தொட்டது. தொட்டுவிட்டுச் சட்டென்று பின்வாங்கியது. அது போதும், உமேஷுக்குப் புரிந்துவிட்டது.

"அப்பா! அந்த எட்டு! நீங்க எடுக்கலைன்னா அது சாருக்குத்தானே போயிருக்கும்? பதினாறும் எட்டும் இருபத்து நாலு! நாங்க மூணு பேரும் ஜெயிச்சிருப்போம்!" சொல்லிக்கொண்டே ஒரு கறுப்புக் காயைத் தூக்கி அப்பாவின் முன்னால் வைத்தான்.

"எடுறா அதை."

"எடுக்க முடியாதுப்பா. சட்டம்னா எல்லாருக்கும்தான்."

"வாசல் நாற்காலிக்குத்தான்டா அந்த எண்ணிக்கை. நான் முதல் ஆளு."

"முதல் ஆளு எடுத்தாலும் கட்டுல ஒரு சீட்டு நகரத்தானே செய்யுது?" உமேஷ் திருமங்கலத்துக்குப் போகாமல் இருக்க எதையும் செய்யும் நிலையில் இருந்தான். "உங்களுக்கும் எண்ணுவோம். பயமா?"

அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. ஜனகராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். விளக்குத்தூண் பக்கம் புதிதாகக் கடை திறக்கிற எவரும் முதல் போணிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கை பட்டால் அந்த வருஷம் சரக்கு தங்காது என்று பேச்சு. கைராசிக்காரர் என்ற பெயர் அவருடைய கடைப் பலகையில் எழுதாத எழுத்து. அவருக்கா பயம்?

"எண்ணுடா. பாப்போம், எம்புட்டு வருதுன்னு."

வேண்டாம் என்று சொல்ல வித்யாஸ்ரீ வாயெடுத்தாள். சீட்டு அதற்குள் விழத் தொடங்கியிருந்தது.

அடுத்த ஆட்டத்தில் ஜனகராஜ் எடுத்தார். லூர்துராஜ் எல்லாருடைய சீட்டையும் ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்துப் பார்த்து, இருமினார். கறுப்பு. அதற்கடுத்து ஒன்றுமில்லை. அதற்கடுத்து கறுப்பு. ஜனகராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எடுத்தார். மறுபடி கறுப்பு. வெள்ளை ஒன்றுகூட இல்லை.

உமேஷ் காய் வைப்பதை நிறுத்திவிட்டான். கடைசிக் காயை லூர்துராஜ்தான் வைத்தார், பார்வையை எங்கோ வைத்துக்கொண்டு.

"உங்களுக்கு என்னங்க இன்னிக்கு" என்று ஆரம்பித்த வசுந்தரா, நாக்கு அடுத்த சொல்லுக்குப் போகுமுன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் அந்தச் சொல் மேசையில் வந்து உட்கார்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன் அவளே தன் வாயால் சொன்ன சொல். இப்போது யாரும் அதைச் சொல்லவில்லை, எல்லோருக்கும் கேட்டது.

ஜனகராஜின் காது மடல் சிவந்திருந்தது. தன் முன்னாலிருந்த நாலு கறுப்பையும் பார்த்தார். மருமகளின் முன்னால் நாலு கறுப்பு, கூடவே ஒரு வெள்ளை. எண்ணிக்கையில் அவளைவிட அவர் மோசம். வெளி ஆள் ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார். மகன் நாளைக்குத் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பான். இப்போது அவர் மேசையைத் தள்ளிவிட்டு எழுந்தால் இந்த வீட்டில் தனக்கு இடமில்லை என்பது வித்யாஸ்ரீக்குத் தெரிந்தது. மாமனாரை இந்த நிலையில் பார்த்தவளை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

"மாமா" என்றாள். "அந்தக் காய்க்கெல்லாம் அர்த்தமே இல்ல."

அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"கட்டு கவுந்து கிடக்கு. மேல இருக்கிறது எட்டா, ராஜாவான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுக்கு அடுத்தது என்னன்னும் தெரியாது. மேல இருக்கிறதை நீங்க எடுத்தா சாருக்கு அடுத்தது போகும். நீங்க எடுக்கலைன்னா மேல இருக்கிறதே போகும். ரெண்டுல எது நல்லதுன்னு திறக்கிறதுக்கு முன்னாடி யார் சொல்ல முடியும்? திறந்த பெறகு பாத்தா யாரை வேணும்னாலும் குத்தம் சொல்லலாம். நாலு ஆட்டத்துல கெட்டது வரும். நானூறு ஆட்டம் ஆடுனா சரியாப் போயிரும். நாலு தடவை கறுப்பு வந்துச்சுன்னு உங்க கையை ஒருத்தன் குறை சொன்னா, அவனுக்குச் சீட்டும் தெரியாது, கணக்கும் தெரியாது."

"அப்ப உங்க முன்னாடி இருக்கிற நாலு, அண்ணி?" என்றான் உமேஷ்.

அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமனாரையே பார்த்தாள். "அதுவும் அப்படித்தான்."

வெளியே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஜனகராஜ் சாய்ந்த இடத்திலிருந்து மெதுவாக முன்னே வந்தார்.

"அதானே" என்றார். முதலில் சன்னமாக, பிறகு பலமாக. "அதானே! அதைத்தானே நான் மொதல்ல இருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்? சீட்டுன்னா நாலு வரும், நாலு போகும். அதுக்குப் போய்க் காய் வைக்கிறானாம், காய்!" அகன்ற உள்ளங்கையால் தன் முன்னால் இருந்ததையும் வித்யாஸ்ரீயின் முன்னால் இருந்ததையும் ஒரே இழுப்பில் வாரி டப்பாவில் கொட்டினார். "வசு, என்ன பாத்துக்கிட்டு இருக்க? வாசல்ல தவசி வந்தாச்சு. காபி வைக்கணும். தாம்பூலத் தட்டை எடு."

வசுந்தரா எழுந்தாள், உடனே போகவில்லை. "தட்டை யாரு குடுக்கிறது?"

"கடையைப் பாக்கப் போறவதான் குடுக்கணும். இதென்ன கேள்வி?"

வசுந்தராவின் முகம் முழுதும் தெளிந்துவிடவில்லை. கணவரின் வெறும் கைகளைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். அந்தக் காய்களை மறுபடி வெளியே எடுத்தால் யார் முன்னால் போய் விழும் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. உள்ளே போய் வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து மருமகளிடம் நீட்டினாள்.

முன் அறையில் ஜனகராஜின் குரல் கேட்டது. "வாங்க தவசி, வாங்க வாங்க. நம்ம மருமகதான் அங்கிட்டு உக்காரப் போகுது. கணக்குல புலி! நாளைக்குக் காலைலயே கூட்டிக்கிட்டு வாரேன், இடத்தைக் காட்டுங்க."

மேசையில் லூர்துராஜ் சீட்டுகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் தட்டோடு எழுந்தபோது தணிந்த குரலில் கேட்டார்: "நீங்க சொன்ன கணக்கு சரிதாம்மா. நானும் இம்புட்டு வருஷமா பேங்க் பிடிக்கிறேன், எனக்கே இன்னிக்குத்தான் புரிஞ்சுச்சு. ஆனா அண்ணனுக்கு அந்த நாலும் வெள்ளையா விழுந்திருந்தா?"

வித்யாஸ்ரீ பாக்கு சரியாமல் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டாள்.

"உமேஷ் நாளைக்குத் திருமங்கலம் பஸ் ஏறியிருப்பாரு சார்" என்று சொல்லிவிட்டு முன் அறைக்குப் போனாள்.